மஞ்சள் எரியும் கை

ஏழாவது தடவை துடைத்தபோது பேச்சித்தாயின் கையிலிருந்து தோல் உரிந்து, துடைப்புத்தாளோடு வந்துவிட்டது. நர்ஸ் பொன்மலர் பதறிப்போய்க் கையை எடுத்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், சுவரில் தொங்கிய விளக்கை இழுத்து அந்த இடத்தின் மேல் பிடித்தாள். ஊதா வெளிச்சம் ஒரு நொடி விழுந்து அணைந்தது. விளக்கின் முதுகில் மஞ்சள் எரிந்தது.

"இன்னுமா சிஸ்டர்?" என்றாள் பேச்சித்தாய்.

"ஆமாக்கா."

படுக்கைக்குப் பக்கத்திலிருந்த டயாலிசிஸ் எந்திரம் தானாகப் பூட்டிக்கொண்டது. பிறகு ஒரு பெண்குரல், அந்தக் கூடத்தில் படுத்திருந்த எட்டுப் பேருக்கும் கேட்கும்படி, இனிமையாகச் சொன்னது: "தோல் தூய்மை உறுதியாகவில்லை. நோயாளி நன்றாகக் குளித்துவிட்டு அடுத்த முறை வரவும்."

பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்தாள். "விடியமுன்ன எந்திச்சு ரெண்டு தடவ குளிச்சேன் சிஸ்டர். சோப்பு போட்டு, பீர்க்கங்கூடு வச்சுத் தேச்சுக் குளிச்சேன். இனி எங்கன போயிக் குளிக்க? கடல்லயா?"

எதிர்ப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தன் தண்ணீர்ப் பாட்டிலை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். எலுமிச்சை நிறத்து மனிதர். அவருக்கு எப்போதும் முதல் துடைப்பிலேயே பச்சை.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிய சிறிய ஊர் அது. வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் உப்பு வாரியவர்களுக்கு நாற்பது வயதிலேயே சிறுநீரகம் கெட்டுப்போவது அங்கே பழகிப்போன சேதி. பேச்சித்தாய் பதினெட்டு வருடம் உப்பு சுமந்தவள். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், அவளுடைய இரத்தம் வெளியே வந்து சுத்தமாகித் திரும்ப வேண்டும். அதற்காக இடது முழங்கைக்குக் கீழே இரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே இரத்தம் சுழித்து ஓடுவது விரலில் அதிரும். அந்த இடத்தில் இரண்டு ஊசி ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் தோலைத் துடைக்க வேண்டும்.

துடைப்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடிய காலம் இல்லை. பழைய கிருமிக்கொல்லி மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஊசித் துளை வழியாக ஒரு கிருமி உள்ளே போனால், திருப்பி அனுப்ப மருந்து கிடையாது. பொன்மலரின் கைக்குள்ளேயே அப்படி மூன்று பேர் போயிருக்கிறார்கள். ஆகவே 'சாட்சி' என்ற விளக்கு வந்தபோது முதலில் கைதட்டியவள் அவள்தான். துடைப்புத்தாளில் மருந்தோடு ஒரு சாயமும் இருக்கும். உயிரோடிருக்கும் கிருமியில் மட்டும் அது ஒட்டும். விளக்கு அதைப் பார்த்துச் சொல்லிவிடும். பச்சை எரிந்தால்தான் எந்திரம் திறக்கும். ஏழு தடவை மஞ்சள் என்றால் அன்றைக்கு ஊசி இல்லை. இது சட்டமாகவே ஆகிவிட்டது.

விளக்கு வந்த மூன்றாவது வாரத்தில், மஞ்சள் எரிகிறவர்களின் கட்டில்களைக் கழிப்பறைப் பக்கமாக நகர்த்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. மற்ற நோயாளிகளின் பாதுகாப்புக்காம். நாற்பத்தெட்டு நோயாளிகளில் முப்பத்தொரு பேர் அந்தப் பக்கம் போனார்கள். உப்பளத்துக்காரர்கள், படகில் போகிறவர்கள், கருவாடு காய வைக்கிறவர்கள், ரோடு போடுகிறவர்கள். எல்லோரும் வெயிலில் நின்றவர்கள்.

பேச்சித்தாய் இரண்டு நாள் கழித்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது முகம் உப்பிப்போயிருந்தது. பேச முடியாமல் மூச்சு வாங்கினாள். மகள் இசக்கி தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். உரிந்த கை சிவந்து, தொட்டால் சுட்டது.

மைய மருத்துவர் ஹேமநாதன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒப்பந்தத்தில் வந்திருந்த இளம் டாக்டர்.

"சுத்தமா இல்லைன்னு துடைச்சு துடைச்சு, நாமளே கிருமிக்கு வழி பண்ணிக் குடுத்திருக்கோம்" என்றார்.

அவரிடம் அவசரச் சாவி இருந்தது. தன் கைரேகையை வைத்தால் எந்திரம் விளக்கைக் கேட்காமல் திறக்கும். அன்று வைத்தார். வேறு இடத்தில் ஊசி ஏற்றியதில் பேச்சித்தாய் பிழைத்தாள். சாயந்திரமே சென்னையிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மூன்று தடவை சாவி வைத்தால் விசாரணை, மருத்துவப் பதிவு ரத்து. ஹேமநாதன் அதன் பிறகு சாவியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம், கூடம் காலியாக இருந்த நேரத்தில், பொன்மலர் குழாயடியில் நின்று தன் கையை முழங்கை வரைக்கும் பத்து நிமிடம் தேய்த்துக் கழுவினாள். அறுவை அறைக்குள் போகிறவர்கள் கழுவுகிற முறை. பிறகு துடைப்புத்தாளை எடுத்து முழங்கைக்குக் கீழே அழுத்தித் துடைத்து, உலரவிட்டு, விளக்கைப் பிடித்தாள்.

மஞ்சள்.

இன்னொரு தாள். மஞ்சள். அவளும் கறுப்புத்தான், அதை அவள் அதுவரை இந்த விஷயத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. என்ன தோன்றியதோ, கையைத் திருப்பி உள்ளங்கையைத் துடைத்துக் காட்டினாள். பச்சை. தரையைத் தொட்டுவிட்டு அதே உள்ளங்கையைக் காட்டினாள். மஞ்சள். மறுபடி துடைத்துக் காட்டினாள். பச்சை.

விளக்குக்குக் கண் தெரிகிறது. ஆனால் வெளுத்த இடத்தில் மட்டும்தான் தெரிகிறது.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நான்கைந்து பேரைத் தாண்டி நிரஞ்சன் என்ற எஞ்சினியர் கிடைத்தான்.

"மேடம், சாயம் பளிச்சிடுதுல்ல, அந்த வெளிச்சத்தைத் தோலோட வெளிச்சத்தோட ஒப்பிட்டுத்தான் விளக்கு முடிவு பண்ணும். தோல் ரொம்ப டார்க்கா இருந்தா திரும்பி வர்ற வெளிச்சம் கம்மி. விளக்குக்குச் சந்தேகம் வரும். சந்தேகம்னா மஞ்சள் போடச் சொல்லியிருக்கோம். சேஃப்டிக்காக."

"யாரு சேஃப்டிக்கு?"

"பேஷன்ட் சேஃப்டி மேடம்."

"எங்க பேஷன்ட்டுக்கு ஊசியே ஏத்த முடியல சார். ஆமா, இத எந்த ஊர்ல வச்சு, யாரு கையில டெஸ்ட் பண்ணுனிய?"

அவன் தயங்கினான். "நாலாயிரம் பேர் மேடம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்படி போதுமான சாம்பிள்."

"அந்த நாலாயிரத்துல உப்பளத்துல நின்ன கை எத்தன?"

"அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம் மேடம். அதுவரைக்கும் ப்ரோட்டோகாலைத் தாண்டி எதுவும் பண்ணாதீங்க, ப்ளீஸ்."

அடுத்த நாள் காலை பேச்சித்தாய் வந்தாள். பொன்மலர் அவளுடைய கையை வழக்கம்போல் ஒரே தடவை, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடைத்து, முழுசாக உலரவிட்டாள். பிறகு புதிய தாளால் அவளுடைய உள்ளங்கையைத் துடைத்தாள். விளக்கை அங்கே பிடித்தாள்.

பச்சை. எந்திரம் திறந்தது.

பேச்சித்தாய் உள்ளங்கையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துவிட்டாள்.

அதிலிருந்து அந்த மையத்தில் மஞ்சள் எரியவே இல்லை. பொன்மலர் மற்ற மூன்று சிஸ்டர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். கழிப்பறைப் பக்கத்துக் கட்டில்கள் பழைய இடத்துக்கு வந்தன. யாருக்கும் தோல் உரியவில்லை. ஒருவருக்கும் இரத்தத்தில் கிருமி ஏறவில்லை. ஏனென்றால் அவர்கள் ஒழுங்காகத்தான் துடைத்தார்கள். காட்டிய இடம்தான் வேறு. பதினான்கு மாதம் இப்படியே ஓடியது. தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே பொன்மலர் நினைத்திருந்தாள்.

பதினைந்தாவது மாதம், ஒரு வியாழக்கிழமை, இசக்கி தனியாக மையத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு தாளைக் கசக்கி வைத்திருந்தாள்.

"ஒங்க லைட்டு இப்பம் ஸ்கூல் வாசல்லயும் வந்துட்டு சிஸ்டர். சமைக்கிறவ, ஆயா வேல பாக்குறவ, கூட்டிப் பெருக்குறவ, எல்லாரும் உள்ள போவும்போது கைய நீட்டணும். சொவத்துலயே மாட்டியிருக்காவ. கைய உள்ள விட்டா முழங்கையத்தான் பாக்குது. எனக்கு நாலு நாளா மஞ்சள்."

பொன்மலர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தாள்.

"பிள்ளையள்லாம் வாசல்ல நின்னு பாக்குது. 'இசக்கியக்கா அழுக்கு'ன்னு ஒண்ணு சொல்லுது. ஆறு வயசுப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? ஹெச்செம் டீச்சர் என்ன சொன்னாவ தெரியுமா? 'நீ தொட்ட சோத்த பிள்ளைங்களுக்குப் போட எனக்கு மனசு வரலம்மா'ன்னாவ. நேத்து இத குடுத்துட்டாவ." கசங்கிய தாளை நீட்டினாள். தனிநபர் தூய்மைக் குறைபாடு காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது.

"விளக்குலதான் கோளாறுன்னு நீ சொல்லலியாட்டி?"

"சொன்னேன் சிஸ்டர். பி.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் போயிச் சொன்னேன். அங்க ஒரு சார் கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டுனாரு. 'ஒங்க ஊரு டயாலிசிஸ் சென்டர்ல பதினாலு மாசமா நூத்துக்கு நூறு பச்சை. அதுல பாதிக்கு மேல உப்பளம், படகுன்னு வெயில்ல நிக்கிற ஆளுங்க. ஒங்கம்மா பேரும் இருக்கு, பாரு. அவங்களுக்கெல்லாம் எரியிற பச்சை உனக்கு எரியலன்னா, நீதான் ஒழுங்கா குளிக்கணும்'னாரு." அவள் தன் கையைப் பொன்மலர் முன்னால் நீட்டினாள். "எங்கம்மாவுக்கும் எனக்கும் ஒரே தோலுதான சிஸ்டர்? அவளுக்கு எரியுது, எனக்கு ஏன் எரியல?"

இந்த விளக்கைப் பள்ளி வாசல் வரைக்கும் கொண்டுவந்தது எது என்று பொன்மலருக்குத் தெரிந்துவிட்டது. கறுத்த தோலில் விளக்கு வேலை செய்கிறது என்பதற்கு அரசாங்கத்திடம் இருந்த ஆதாரமே அவள் காட்டிய உள்ளங்கைகள்தான்.

"நான்தான்ட்டி காரணம்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

இசக்கி முழுவதையும் கேட்டாள். "எங்கம்மா உசுரக் காப்பாத்திருக்கிய. அதுக்கு ஒங்க கால்ல விழணும். ஆனா எனக்கு இப்பம் ஒங்க மேலதான் கோவமா வருது சிஸ்டர். நான் என்ன செய்ய?"

வெள்ளிக்கிழமை காலை, முதல் ஷிப்ட் தொடங்குவதற்கு முன், பொன்மலர் நோயாளிகளிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். ஹேமநாதனும் கதவோரம் நின்று கேட்டார். இனிமேல் கையைத்தான் காட்டுவதா, உள்ளங்கையா? கையைக் காட்டினால் எந்திரம் பூட்டிக்கொள்ளும். மேலிடத்திலிருந்து ஆள் வரும். எப்போது வரும், வந்து என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

படகு டிரைவர் லூர்து, "ரெண்டு நாளு தள்ளிப்போனா நமக்குச் சங்குதான் சிஸ்டர்" என்றார். அதில் பொய் இல்லை.

பேச்சித்தாய் கையை நீட்டினாள். "என் கையில பிடிங்க. எம்மவள அழுக்குன்னு சொன்னதுக்கு என் உள்ளங்கையக் காட்டி நான் இன்னமும் ஆமா போட்டுக்கிட்டு இருக்கணுமா? பிடிங்க சிஸ்டர்."

அன்று இருபத்துநாலு பேரில் பதினைந்து பேருக்கு மஞ்சள் எரிந்தது. பதினைந்து தடவை அந்த இனிமையான குரல் எல்லோரையும் குளித்துவிட்டு வரச் சொன்னது. லூர்துதான் கடைசியாகக் கையைக் கொடுத்தார்.

மதியம் இரண்டரை மணிக்குச் சுகாதாரத் துறை இணை இயக்குநர் வந்தார். கம்பெனியிலிருந்து நிரஞ்சனும் கூட வந்திருந்தான். பொன்மலர் நினைத்ததைவிடச் சின்னப் பையனாக, மாநிறமாக, தோளில் பையோடு நின்றான். பேச்சித்தாய்க்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

இணை இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பதினாலு மாசமா அரசாங்கத்துக்குப் பொய் ரெக்கார்டு அனுப்பியிருக்கீங்க."

"ஆமா சார். அத ஒத்துக்கிடுதேன். அந்த ரெக்கார்ட நம்பி நீங்க போட்ட சட்டம் தப்புன்னு இப்பம் சொல்லுதேன்."

"சிஸ்டர், தமிழ்நாட்டுல நூத்திப் பன்னெண்டு சென்டர் இருக்கு. மத்த நூத்திப் பதினொண்ணுலயும் பச்சை எரியுது. அங்கேயும் கறுப்பா ஆளுங்க இருக்காங்க. உங்க ஊர்ல மட்டும் எரியலைன்னா, கோளாறு விளக்குலயா உங்க ஊர்லயா? உப்புத் தூசி, காத்து, இவங்க பழக்கவழக்கம்..."

"எங்க பழக்கவழக்கத்துக்கு என்ன சார்?" பேச்சித்தாய் கட்டிலிலிருந்தே கேட்டாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "நாங்க உப்பு வாரலன்னா ஒங்க வீட்டுல சோறு எறங்குமா? எங்க கை பட்ட உப்பு ஒங்க வாய்க்குள்ள போவலாம். எங்க கைய மட்டும் ஒங்க லைட்டு பாத்து மொகத்தச் சுளிக்கும். லைட்டுலதான் அழுக்குன்னு நான் சொன்னா, கேக்க ஒரு ஆளுங் கெடயாது."

அவர் அவளைப் பார்க்காமல் ஹேமநாதனைப் பார்த்தார். "இன்னைக்கு மட்டும் சாவி போட்டுக்குங்க. இவங்க எல்லாரையும் இனிமே ஒழுங்கா குளிச்சிட்டு வரச் சொல்லுங்க." பொன்மலரைப் பணியிடை நீக்கம் செய்யும் ஆணையில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "தமிழ்நாடு முழுக்கத் தப்பா இருந்தா இந்நேரம் ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொன்மலர் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது நிரஞ்சன் வந்து வாசலில் நின்றான்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான்தான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவள் திரும்பவில்லை.

"விளக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் போட்டோ எடுத்து வைக்கும். யாரும் பாக்கமாட்டாங்க. நம்பர் மட்டும்தான் மேல போகும். போன வருஷம் அப்டேட்டுக்காக நான் அதைத் திறந்து பாத்தேன்." தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "ரேகை மேடம். எல்லாம் ரேகை. முதல்ல ஒரு சென்டர்ல யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் மதுரை, ராமநாதபுரம், வேலூர்... ஆறு லட்சம் போட்டோ உள்ளங்கை. நூத்திப் பன்னெண்டு சென்டர்லயும்."

பொன்மலர் கையிலிருந்த துணியை அப்படியே வைத்தாள். "எல்லா சிஸ்டருமா?"

"எல்லாரும். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம."

"நீங்க எப்ப பாத்திய?"

"பத்து மாசம் முன்னாடி."

"பத்து மாசம்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அதுக்கு அப்புறமாத்தான ஸ்கூல் வாசலுக்கு வந்திச்சு. தெரிஞ்சே கொண்டு வச்சிருக்கிய."

"மேல சொன்னேன் மேடம். 'ரிசல்ட் நூத்துக்கு நூறு வருது, எதுக்குத் தோண்டுற?'ன்னாங்க." அவன் தன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். முழங்கைக்குக் கீழே மாநிறத்துக்கும் ஒரு படி கறுத்திருந்தது. "எனக்கே ரெண்டுல ஒரு தடவை மஞ்சள்தான் எரியும்."

"அப்ப இன்னைக்கு அந்தப் பெரிய சார் முன்னால வாயத் தொறந்தா என்ன?" என்று கத்தினாள் பொன்மலர். "ஒரு பொம்பள மூச்சுக்குத் தவிச்சிக்கிட்டுப் பேசுதா. நீங்க பைய மாட்டிக்கிட்டு நிக்கிய!"

அவள் கதவைச் சாத்தினாள்.

சனியும் ஞாயிறும் பொன்மலர் போனைக் கீழே வைக்கவில்லை. தன்னோடு படித்தவர்கள், அவர்களோடு வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொரு மையமாகப் பிடித்தாள். யாரும் எடுத்த எடுப்பில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க சென்டர்ல எல்லாம் பச்சைதான் சிஸ்டர்" என்பார்கள், ஜாக்கிரதையாக. "எனக்கும் பச்சைதான். நான் உள்ளங்கையக் காட்டுனேன்" என்று இவள் சொன்னதும் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும். பெரம்பலூர் சிஸ்டர் ஒருத்தி வெகுநேரம் கழித்து, "நீங்களுமா?" என்றாள். வேலூரில் ஒருத்தி அழுதுவிட்டாள். அவள் இரண்டு வருடமாகத் தன்னை ஏமாற்றுக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தவள்.

டாக்டர்களிடம் பேசியவர் ஹேமநாதன். அது பொன்மலர் எதிர்பாராதது. ஞாயிறு மாலை அவரே போன் செய்தார்.

"ஒரு டாக்டர் மூணு தடவை சாவி போட்டா விசாரணை சிஸ்டர். நூத்திப் பன்னெண்டு பேரும் ஒரே நாள்ல முப்பது தடவை போட்டா யார் யாரை விசாரிக்கிறது? எண்பது பேர் சரின்னுட்டாங்க. மத்தவங்க யோசிக்கிறாங்க. பேஷன்ட் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. மஞ்சளை எரியவிட்டு, சாவியைப் போட்டு, வேலையைப் பாப்போம்."

"முன்னமே போட்டிருக்கலாம் டாக்டர்."

"போட்டிருக்கலாம்" என்றார் அவர். "பயந்துட்டேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கன்னியாகுமரியில் தொடங்கியது. சிஸ்டர்கள் கையை ஒழுங்காகத் துடைத்தார்கள், உலரவிட்டார்கள், விளக்கைக் கையின் மேலேயே பிடித்தார்கள். சென்னைக் கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்தில் தென்கோடியில் ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. ஒன்பது மணிக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர். பத்தரைக்குக் காவிரிக்கரை முழுக்க. மதியத்துக்குள் நூற்று நான்கு மையங்களில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. எட்டில் எரியவில்லை, அங்கே சிஸ்டர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பாதிப்பேர் ஒரே நாளில் குளிக்க மறந்துவிட்டார்கள் என்று எந்த அதிகாரியாலும் அறிக்கை எழுத முடியவில்லை. பொன்மலர் அப்போது தன் வீட்டு அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் மையத்திலிருந்து போன் போட்டு, "ஊசி ஏறிட்டு சிஸ்டர். மஞ்சள்லயே ஏறிட்டு" என்றாள்.

மூன்றாம் நாள் அரசாணை வந்தது. தொழில்நுட்ப மேம்பாட்டின் பொருட்டு 'சாட்சி' விளக்குகள் தற்காலிகமாகத் திரும்பப் பெறப்படுகின்றன என்று ஒரே வரி. யாருக்குத் தோல் உரிந்தது, யார் கழிப்பறை ஓரம் படுத்தார்கள், யாரை எந்தப் பள்ளி வாசலில் நிறுத்தினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. மன்னிப்பு என்ற வார்த்தை அந்த ஆணையில் இல்லை. பொன்மலரின் பணியிடை நீக்கம் ரத்தாகவில்லை. அது வேறு கோப்பு, பொய்ப் பதிவு தொடர்பானது என்றார்கள். பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த கம்பெனிமீது கோப்பே இல்லை. அவள் பெட்டிஷன் மேல் பெட்டிஷனாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சத்துணவு ஊழியர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆணை வர மேலும் ஆறு வாரம் பிடித்தது. இசக்கி அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள். வாசல் சுவரில் விளக்கு இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. சமையலறையில் தலைமையாசிரியை காத்திருந்தார். மேசைமேல் ஒரு துடைப்புத்தாள் பொட்டலம் இருந்தது.

"வாம்மா இசக்கி. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நாங்க மேல சொன்னதைத்தானே செய்யணும்?" என்றவர், பொட்டலத்தை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார். "சோத்தத் தொடுறதுக்கு முன்னாடி கைய மட்டும் ஒரு தடவை துடைச்சிரு."

இசக்கி ஒரு தாளை உருவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாகத் துடைத்தாள். முழங்கை வரைக்கும் துடைத்தாள். இரண்டு கையும் உலரும்வரை காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியை சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார். தினமும் முதல் கரண்டிச் சோற்றை ருசி பார்க்க வேண்டியது அவர்தான்.

"டீச்சர்" என்றாள் இசக்கி.

"என்னம்மா?"

இசக்கி பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களும் தொடச்சிட்டுத் தொடுங்க."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. வாசலில் தட்டோடு நின்ற பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார்கள். அடுப்பில் குழம்பு தளதளத்தது. இசக்கி நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். கடைசியில் ஒரு தாளை உருவினார்.